கை நடுங்கட்டும், கணக்கு நடுங்கக் கூடாது

தம்பி, ராத்திரி இரண்டரை மணிக்கு அடுப்படியில் நிற்கிற உன்னைத்தான் கூப்பிடுகிறேன். ஒரு கையில் பால் டப்பா, மறு கையில் பாட்டில், தோளில் துவாலை, உள்ளறையில் வீறிட்டு அழுகிற பிள்ளை. மூன்று ஸ்பூன் போட்டோமா நாலா என்று மறந்துபோய் விழிக்கிறாய் பார், அந்த முழி எனக்குத் தெரியும். நானும் முழித்தவன்தான்.

பேச்சை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுவோம். தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. 1992-இல் வந்த சட்டம் அதை டப்பா மேலேயே அச்சடிக்கச் சொல்கிறது. பால் பவுடருக்கு இந்த நாட்டில் விளம்பரம் செய்யக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய சட்டம். ஆகவே தாய்ப்பால் ஒரு சங்கு வந்தாலும் அது பிள்ளைக்குப் போகட்டும். வராவிட்டால் வரவழைக்க வழியுண்டா, பால் வங்கியில் கிடைக்குமா என்று டாக்டரை விடாமல் கேள். எல்லாம் கேட்டாகிவிட்டது, தாய் தீவிர சிகிச்சையில் இருக்கிறாள், அல்லது அவள் எடுக்கிற மருந்து பிள்ளைக்கு ஆகாது, அல்லது இரட்டைப் பிள்ளைக்குப் பால் போதவில்லை, டாக்டரே பார்த்துப் பவுடர் பால் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால், அதற்குமேல் அந்த வீட்டில் எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று ஆரம்பிக்கிற சித்திக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்து உட்காரவை. நீ உன் வேலையைப் பார்.

அந்த வேலை உன்னால் முடியாது என்று யார் சொன்னது? அம்பத்தூர் பட்டறையில் லேத்தில் நிற்கிறவன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைசல் பிடிக்கிறான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் லாரியை ஏற்றி இறக்குகிறவன் இருக்கிறான். அவர்களும் உன்னைப் போல் அப்பாக்கள்தான். ஒரு ஸ்பூன் பவுடரைத் தலைதட்டி அளக்க உனக்கு வராதா? வரும். பயத்தை ஓரம் தள்ளிவிட்டு, ஏன் எதற்கு என்று தெரிந்துகொண்டால் வரும்.

எனக்கு அது தெரியாமல்தான் அவமானப்பட்டேன். மனைவிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பிள்ளை வீட்டில் என்னோடு. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ராத்திரி எட்டு மணிக்கே ஐந்து பாட்டில் கலக்கி, சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தி, பானைக்குச் சுற்றுவதுபோல் ஈரத்துணி சுற்றிவைத்தேன். மே மாதம். பதினொரு மணிக்கு வந்த மாமியார் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. ஐந்தையும் எடுத்துப்போய் சிங்கில் கவிழ்த்தார். காசு போகிறதே என்று எனக்கு ஆத்திரம். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "காய்ச்சின பசும்பாலே இந்த வெயில்ல ராத்திரிக்குள்ள திரிஞ்சு போகுது மாப்பிள்ளை. இது மட்டும் என்ன அமிர்தமா?"

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோன அந்த அம்மாவின் அறிவுக்குப் பின்னால் இருக்கிற காரணத்தைப் பிறகுதான் படித்தேன். பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல. நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறோம். சீல் உடைக்காத டப்பா, பளபளவென்ற காகிதம், உள்ளே சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம். தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அரிதாகப் பவுடரில் தங்கிவிடுவது உண்டு. 2022-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய தொழிற்சாலையே இந்தக் குரோனோபாக்டர் சந்தேகத்தில் மூடப்பட்டு, கடைகளில் பால் டப்பா கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். பவுடர் காய்ந்து கிடக்கும்வரை அந்தக் கிருமி சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டு, அறைச் சூட்டில் நாலைந்து மணி நேரம் கிடைத்தால் பெருகும். பச்சைக் குழந்தைக்குப் போனால் ரத்தத்தில் கலக்கும், மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, இரண்டு மாதம் நிரம்பாதவை ஆகியவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட பிள்ளை என்றால் கிருமி நீக்கிய திரவப் பால் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேள்.

இப்போது தண்ணீரின் சூட்டுக் கதைக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் 2007-இல் சேர்ந்து ஒரு வழிகாட்டி போட்டார்கள். கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலக்கு என்கிறது அது. நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வெதுவெதுப்பாக்கிப் பவுடர் போடுகிறோம். தண்ணீரில் இருந்த கிருமி செத்தது சரி, பவுடரில் இருக்கிறதை யார் கொல்வது? அந்தச் சூடுதான் கொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து மூடிவைத்தால், அரை மணி நேரத்துக்குள் எடுத்துக் கலந்துவிடு. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடும், காத்திருக்காதே. கேன் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ, எதுவானாலும் கொதிக்கத்தான் வேண்டும். உன் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, "எந்தச் சூட்டில் கலக்கட்டும்?" என்று வாய்விட்டுக் கேள். வெட்கப்படாதே. வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றாலும் கேள்.

பாட்டிலில் தண்ணீர் முதலில், பவுடர் அப்புறம். மாற்றிப் போட்டால் பவுடர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கோடுவரை தண்ணீர் வந்த மாதிரி தெரியும், உண்மையில் குறைந்திருக்கும், பால் கெட்டியாகிப் பிள்ளைக்கு மலம் கட்டும், உடம்பில் நீர் வற்றும். பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் கணக்கு. உன் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார். அந்த டப்பாவில் வந்த ஸ்பூன்தான் அதற்கு அளவு. குவித்து அள்ளாதே, அமுக்கி அடைக்காதே, சுத்தமான கத்தியின் முதுகால் ஒரு இழுப்பு இழு. எண்ணும்போது வாய்விட்டு எண்ணு. ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

இங்கே ஒரு வேதனையான விஷயம். நாலு கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லி போகும். அப்படியானால் 400 கிராம் டப்பா நாலைந்து நாளில் காலி. தினக்கூலி வீட்டில் இது எவ்வளவு பெரிய இடி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நாலு ஸ்பூனை மூன்றாக்குகிறார்கள். செய்யாதே, தம்பி. தண்ணீர் கூடினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. மிஞ்சிப் போனால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி வலிப்பே வரும். பீடியை நிறுத்து, ரீசார்ஜைக் குறை, மோதிரத்தை அடகு வை, வெட்கத்தை விட்டு அண்ணனிடம் கைமாற்று கேள். ஸ்பூனில் மட்டும் கை வைக்காதே.

சரி, முன்கூட்டியே கலந்துவைக்கலாமா? அப்போதைக்கு அப்போது கலந்து, ஆற்றி, உடனே கொடுப்பதுதான் உத்தமம். ஆனால் நாலு நாள் தூங்காதவன் ராத்திரி மூன்று மணிக்கு எண்ணுகிற எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன். அதனால் தெளிவாக இருக்கிற ஒன்பது மணிக்கே ராத்திரிக்கு வேண்டிய மூன்று பாட்டிலையும் கலந்துவிடு என்கிறேன். மேஜையில் வைப்பதற்கு அல்ல, ஃபிரிட்ஜில் வைப்பதற்கு. ஒரே பெரிய ஜாடியில் கலக்காதே, அது ஆற நேரமாகும், அந்த நேரம் கிருமிக்கு லாபம். தனித்தனி பாட்டிலாகக் கலந்து, மூடி, ஐஸ் போட்ட தண்ணீர்ப் பாத்திரத்தில் கழுத்துவரை நிறுத்தி மளமளவென்று ஆறவை. பிறகு ஃபிரிட்ஜின் உள்பக்கம் பின்தட்டில் வை. கதவில் வைக்காதே; ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளிச்சூடு அங்கேதான் அடிக்கிறது. உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கிப் போட்டுவை, காசுக்குத் தகும். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிக் கலந்த நேரத்தை எழுது. 24 மணி நேரம் தாண்டினால் சிங்க்தான். ராத்திரியில் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் சில்லிப்பு விட்டிருந்தாலும் சிங்க்தான்.

எடுத்துக் கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடாக்கு, கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவ் கூடவே கூடாது. பாட்டில் சில்லென்றிருக்கும், நடுவில் ஒரு வாய் நெருப்பாக இருக்கும். குலுக்கிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் நாலு சொட்டு விட்டுப் பார். ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்த பால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டால் எச்சில் கலந்த பால் அது. திரும்பச் சூடாக்கி அடுத்த வேளைக்கு ஓட்டாதே.

பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பிரஷ் போட்டு, சோப்பு போட்டு, நிப்பிளைத் திருப்பித் தேய்த்து, முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவை. காற்றுக்குமிழ் உள்ளே நின்றால் அந்த இடம் வேகவில்லை என்று அர்த்தம். சொன்னால் நம்பு, பாட்டிலைவிடப் பாலாடை நல்லது. மூலை முடுக்கு இல்லை, கழுவுவது சுலபம். நம் பாட்டிகள் சங்கில் புகட்டியதில் ஞானம் இருந்தது. (சேனை என்று தேன் தொட்டு வைத்தார்களே, அதில் இல்லை. ஒரு வயதுவரை தேன் வேண்டாம்.)

ஊருக்குப் போகிறாயா? கலந்த பாலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதே. அப்போதுதான் கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்கில் ஊற்று, பவுடரை வேளைக்கு ஒரு காய்ந்த டப்பாவாக அளந்து எடுத்துக்கொள், வேண்டும்போது கலந்து ஆற்றிக் கொடு.

கடைசியாக வீட்டாள் விஷயம். சம்பளத்தோடு 26 வாரப் பிரசவ விடுப்பு என்று 2017-இல் ஆனது. அது முடிந்து உன் மனைவி வேலைக்குப் போனால் பகல் பாட்டில் பாட்டி கையில். அப்போது அதிகாரம் பண்ணாதே. காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. நான் எழுதி ஒட்டினேன். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார், அடியில் பென்சிலால் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தார்: "கைய கழுவு."

அதை முதல் வரியாக மாற்றி எழுதினேன். மணி ஒன்பது ஆகப்போகிறது, தம்பி. எழுந்துபோய்த் தண்ணீரை அடுப்பில் வை.