பதிலுக்கு இடம்

இரண்டரை வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று கவலை எழுந்தால் போதும், நம் வீடுகளில் யாராவது ஒரு பெரியவர் குமரகுருபரரைத் துணைக்கு அழைத்துவிடுவார். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயது வரை வாய் திறவாத பிள்ளை, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடியதல்லவா? குமரகுருபரர் நினைவுக்கு வராத வீட்டில் குழந்தையின் அப்பாவே சாட்சி. "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான். இப்ப வாயை மூட முடியுதா?" வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார்கள். பிறகு வீடு நிம்மதியாகக் காத்திருக்கத் தொடங்கும்.

அந்தக் கதையில் யாரும் காத்திருக்கவில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பதினேழாம் நூற்றாண்டுக் குடும்பம் ஒன்றுக்குத் தெரிந்த ஆகப்பெரிய உதவி எங்கே இருந்ததோ அங்கே போய்க் கிடந்தார்கள். சும்மா இருப்பதற்கு இந்தக் கதையைச் சான்றாகக் காட்டுவது அந்தத் தாய் தகப்பனுக்குச் செய்யும் அநியாயம்.

தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. காலமோ காத்திருப்பதில்லை. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நம் 'பத்து', 'பட்டு' இரண்டையும் பிரித்துக் காட்டும் அதே பல்லொலி, நாவளை ஒலி வேறுபாடுதான். ஆறேழு மாதக் குழந்தைகள் அதைச் சிரமமின்றிக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளுக்கு அது கேட்கவில்லை. தன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு எந்த ஒலி வேண்டும், எது வேண்டாம் என்ற கணக்கை முதல் சொல் வருவதற்கு முன்பே மூளை பாதி முடித்துவிடுகிறது.

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. குறைபாடு ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட நன்றாக வளர்வதைக் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ குழுவினர் 1998இல் காட்டினார்கள். நம் நாட்டில் 2013இல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் தொடங்கியபின் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் வந்தன. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் என்ற உள்செவிக் கருவி கிடைக்கிறது. அதைப் பொருத்துவது, தனியாகச் செய்தால் பல லட்சம் ஆகும் அறுவை சிகிச்சை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

கருவியை முதன்முதலாக இயக்கியதும் குழந்தை திடுக்கிட்டுத் திரும்பும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கதை அத்துடன் முடிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கருவி தருவது சத்தம் மட்டுமே. அந்தச் சத்தத்தில் எது மிக்ஸி, எது அம்மா, எது தன் பெயர் என்று பிரித்தறிய மாதக்கணக்கில், பல குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்காகத் தினக்கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, இடுப்பில் குழந்தையோடு வரும் அம்மாக்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. வந்துகொண்டிருந்தவர் ஒருநாள் வராமல் போனாலும் வருவதில்லை.

வந்துவிட்டால் அந்தப் பயிற்சி அறைக்குள் என்ன நடக்கிறது? மருந்து இல்லை, ஊசி இல்லை. நாக்கைப் பிடித்து இழுக்கும் வித்தை எதுவும் இல்லை. தரையில் பாய், கொஞ்சம் பொம்மைகள், சோப்புக் குமிழி ஊதும் குப்பி. "விளையாட்டுக் காட்டி அனுப்புறாங்க, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று தாத்தாக்கள் வெளியே வந்து முணுமுணுப்பது இதனால்தான். இன்னொன்றும் அவர்களுக்கு உறுத்தும். பயிற்சியாளர் குழந்தையைவிட அம்மாவோடுதான் அதிகம் பேசுகிறார்.

கணக்கு எளிமையானது. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. இரண்டு வயதுக் குழந்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருப்பதாக வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 84 மணி நேரம். மிச்சம் 83 மணி நேரமும் வீட்டில். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஆரம்பத்திலிருந்தே பெற்றோரைத்தான் மாணவராக்கினார்கள். சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயாவில், காது கேளாத சின்னக் குழந்தைகளோடு அம்மாவோ வீட்டில் வேறொருவரோ வகுப்பில் சேர்ந்து உட்காருகிறார்கள். 1975இல் மான்ட்ரியலில் அயலா மனோல்சன் ஹேனன் திட்டத்தைத் தொடங்கியபோது பெற்றோர்களைக் குழுவாக உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

பெற்றோருக்குச் சொல்லித்தரும் பாடங்களிலேயே கடினமானது, சும்மா இருப்பது. பிஸ்கட் வேண்டும் என்று குழந்தை பார்ப்பதற்கு முன்பே பிஸ்கட் கைக்கு வந்துவிடும் வீடுகள் நம்முடையவை. அன்புதான். ஆனால் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாத குழந்தை எதற்காக வாயைத் திறக்க வேண்டும்? முறுக்கை முழுதாகத் தராதீர்கள், ஒரு துண்டு கொடுத்துவிட்டு நிறுத்துங்கள் என்பார் பயிற்சியாளர். அவன் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றை எட்டுவதற்குள் நம்மவர்களால் பொறுக்க முடியாது. "சொல்லு, முறுக்கு சொல்லு, மு...று...க்கு! அத்தைக்குச் சொல்லிக் காட்டு!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாளெல்லாம் இப்படிக் கேள்வித்தாள் நீட்டப்படும் குழந்தை ஒருகட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவன் காக்காயைப் பார்த்தால் நீங்களும் காக்காயைப் பார்த்து "காக்கா... பறந்து போச்சு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது போதும். அவன் முறை வரட்டும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தால் நம் பிள்ளைத்தமிழைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பேச்சு வராமல் ஐந்து வயது வரை இருந்ததாகச் சொல்லப்படும் குமரகுருபரரே மீனாட்சிக்கு ஒன்று, வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசாமிக்கு ஒன்று என இரண்டு பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று இருபத்தொன்றாம் மாதம் வரை போகும் பருவ வரிசை பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். இதை மருத்துவ அட்டவணையாக ஆக்கிவிட வேண்டாம்; நம் ஊரில் அந்த ஆசை எளிதில் வந்துவிடும். கவனிக்க வேண்டியது வேறு. கைகொட்டு, முத்தம் தா, வா, நிலாவே நீயும் ஆட வா என்று பத்துப் பருவம், நூறு பாட்டு ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பாட்டுடைத் தலைவியோ தலைவனோ ஒரு சொல்கூடப் பதில் சொல்வதில்லை. ஆனாலும் எதிரே இருப்பவர் எல்லாம் புரிந்துகொள்பவர் என்ற நம்பிக்கை ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. அம்புலிப் பருவத்தில் நிலா காட்டும் விரலையே பாருங்கள். இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்ற அறிவுதான் பேச்சுக்கு அடித்தளம். ஆட்டிசம் இருக்குமோ என்று ஒன்றரை வயதில் பார்க்கும் கேள்விப் பட்டியல்களில், குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்ற கேள்வி தவறாமல் இருக்கும்.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த மறுநாளிலிருந்து பல வீடுகளில் நடப்பது, குழந்தையோடு பேசும் இந்தப் பேச்சு நின்றுபோவது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கேட்காத பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தோன்றிவிடுகிறது. குளிப்பாட்டும்போது பாட்டு இல்லை, ஊட்டும்போது "ஆ காட்டு" இல்லை. கவனிப்பு குறைவதில்லை, முகம்தான் மூடிக்கொள்கிறது. 1970களில் அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக், சில மாதமே ஆன குழந்தைகளின் எதிரே அம்மாக்களைக் கொஞ்ச நேரம் முகத்தில் சலனமே இல்லாமல் உட்காரச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எந்தக் காதுப் பரிசோதனையிலும் தெரியாத இழப்பு இது.

அந்த வெற்றிடத்தை இப்போது செல்போன் நிரப்புகிறது. "போன்ல ஏபிசிடி எல்லாம் சொல்றான் சார், அம்மானுதான் கூப்பிட மாட்டேங்குறான்." 2003இல் சியாட்டிலில் பட்ரீசியா கூலும் சகாக்களும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேச்சைக் கேட்க வைத்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பன்னிரண்டு அமர்வு விளையாடிய குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் வந்தபோது பிடிபடவில்லை. திரை எவ்வளவு பேசினாலும் குழந்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்தத் தெரியாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீடுதான் மருந்து என்றதும், வீடுதான் நோய் என்று திருப்பிப் படிக்க நிறையப் பேர் தயாராக இருக்கிறார்கள். "நீ வேலைக்குப் போனதாலதான்", "நீ பேசாததாலதான்" என்று மருமகளைக் குத்தும் வாய்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. படித்தவர்களும் செய்த பாவம் இது. லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விவரித்தபோதே பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றியும் எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு புத்தகமாகவே ஆக்கி அம்மாக்களின் தலையில் கட்டினார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், காரணம் உடலில் இருக்கிறது என்று 1964இலேயே எழுதியிருந்தார். தீயை அணைக்கத் தண்ணீர் எடுத்து வருபவளிடம் நீதானே தீ வைத்தாய் என்று கேட்பதில் எந்த நியாயமும் இல்லை.

சரி, குழந்தைக்கு எதிரே இருப்பவர் தருவதுதான் என்ன? ஒலி என்று சொல்லலாம் என்றால், 1991இல் மான்ட்ரியலில் லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் வெளியிட்ட ஆய்வு குறுக்கே நிற்கிறது. காது கேளாத, சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் கையால் மழலை பேசுவதை அவர்கள் பதிவு செய்தார்கள். சத்தமே இல்லாத வீட்டில் மொழி அதன் வேளையில் வந்திருக்கிறது. சைகை கற்றால் வாய்ப்பேச்சு வராது என்று இன்னமும் பயமுறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை தருகிறவர்களும்தான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை; அந்த அறிவுரையால் வாயடைத்துப் போவது, வீட்டிலேயே அதிக நேரமும் பொறுமையும் உள்ள பாட்டி.

ஆக, ஒலி அல்ல. நாலு மாதக் குழந்தை காரணமில்லாமல் "ங்கா" என்கிறது. "ஆமாடி தங்கம், பசிக்குதா? பால் வேணுமா?" என்கிறாள் தாய். குழந்தை அப்படி எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக அவள் எடுத்துக்கொள்கிறாள். அதற்கு இன்னும் இல்லாத பொருளைத் தன் கையிலிருந்து முன்பணமாகக் கொடுக்கிறாள். இப்படி ஆயிரம் முறை கொடுத்தபின் ஒருநாள் குழந்தை நிஜமாகவே அதைச் சொல்கிறது. நம்மில் எவரும் முதலில் பேசிவிட்டுப் பிறகு மனிதராக நடத்தப்பட்டவர்கள் இல்லை. சொல்வதற்கு நம்மிடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே நம்பி நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு நாம் பிறகு பொருந்திப் போனோம். பேச்சு மற்றவர்களுக்குச் சீக்கிரம் வந்தது, இந்தக் குழந்தைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பதிலுக்கு இடம்விட்டுக் காத்திருப்பவர் அதற்கும் வேண்டும். இன்னும் அதிக நாள் வேண்டும். சில குழந்தைகளுக்குச் சொல் வராமலே போகலாம். படம் காட்டியோ கைஜாடையாலோ பேசலாம். அவர்களுக்கும் முன்பணம் ஒன்றுதான்.

முதல்முறை வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: "எப்ப பேசுவான்?" அனுபவமுள்ள பயிற்சியாளர் அதற்குத் தேதி தருவதில்லை. "இப்ப என்னென்ன சொல்றான்?" என்று திருப்பிக் கேட்பார். ஒன்றும் சொல்வதில்லை என்பார்கள். ஒரு வாரம் கவனித்து எழுதி வாருங்கள் என்று நோட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புவார். அடுத்த வாரம் நோட்டோடு வருவார்கள். பசித்தால் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுக்கிறான். பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளுகிறான். தாத்தா மடியில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றுகிறான், அது விளையாடலாம் என்பதற்கு. வெளியே போக வேண்டுமென்றால் அப்பாவின் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போடுகிறான். ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கும். பயிற்சியாளர் படித்துவிட்டுச் செருப்பு என்ற வரியின் கீழே கோடு போடுவார். அவன் செருப்பைப் போட்டதும் உடனே கிளம்பிவிடாதீர்கள், "போலாமா?" என்று கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள், வாசலில் ஒருமுறை, படியில் ஒருமுறை என்பார். அடுத்த மாதம் முழுவதும் அந்த வீட்டில் வேலை செருப்பை வைத்துத்தான்.