யாரைக் கேட்கிறார்கள்?

'விருப்பம் தெரிவியுங்கள்' என்று அரசாங்கம் அழைக்கிறது. யாரை? 2018 ஏப்ரலில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம், குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் கடலுக்குள் 1,000 மெகாவாட் காற்றாலை நிறுவ விருப்பமுள்ள கம்பெனிகளைக் கேட்டது. 35 கம்பெனிகள் விருப்பம் சொல்லின. திட்டம் போடுவதற்கு முன்னால் முதலாளியின் நாடி பிடித்துப் பார்க்கிற வழக்கம் இது. தப்பென்று நான் சொல்லவில்லை. பணம் போடுகிறவனைக் கேட்காமல் போட்ட திட்டம் காகிதத்தோடு நின்றுபோகும். என் கேள்வி வேறு. ஒருவரிடம் 'உனக்கு விருப்பமா?' என்று கேட்பதற்கு என்ன பொருள்?

'முடியாது' என்று சொல்லக்கூடியவரிடம்தான் கேட்கிறோம். அவர் முடியாது என்றால் காரியம் நிற்கும் என்பதால் கேட்கிறோம். சேரிக்கு யாரும் கேட்டு வந்ததில்லை. சேதி வரும். நாளைக்கு நடவு. நாளைக்கு உப்பு வாரணும். ஊருல சாவு, மேளத்த எடுத்துக்கிட்டு வா. இதில் கேள்விக்குறி எங்கே இருக்கிறது?

அந்த 35 கம்பெனி விருப்பம் சொல்லிய பிறகும் கடலில் காற்றாலை முளைத்துவிடவில்லை. செலவு கட்டுப்படியாகாது என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு மரியாதை இருந்தது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். முதலாளி தயங்கினால் பொதுப்பணம் அவன் பக்கம் நகர்கிறது. கூலிக்காரி தயங்கினால் அதை எழுதிக்கொள்ள ஒரு படிவம்கூடக் கிடையாது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள் நண்பர்கள். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தனியார் கம்பெனிக்காக அரசு நிலம் எடுத்தால், பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்கிறது. நிலமில்லாத கூலிக் குடும்பமும் பாதிக்கப்படும் குடும்பம்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சம்மதம் கேட்கிற இடத்தில், நிலம் உள்ளவர்களையும் அரசிடம் மனை, நிலம் ஒதுக்கீடு பெற்றவர்களையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. கூலிக்காரருக்கு நிவாரணம் உண்டு, வாக்கு இல்லை. கர்நாடகத்தின் பாவகடாவில் நிலத்தை எடுக்காமல் குத்தகைக்கே வாங்கினார்கள். சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடக்கம். வறண்ட பூமிக்கு வாடகை வந்தது நல்லதுதான். அந்த நிலத்தில் களை பறித்தவளுக்கு எந்த வாடகை?

நான் அனுமந்தைக்காரன். மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் என் சின்னம்மா இருபது வருஷத்துக்கு மேல் உப்பு வாரியிருக்கிறார். சூரியனையும் காற்றையும் வைத்துத் தொழில் செய்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. பாத்தியில் கட்டிய உப்புத்தண்ணியை வெயிலும் காத்தும்தான் உப்பாக்குகின்றன. அளத்தைக் கோயிலாக்கிப் பேச நான் வரவில்லை. காலில் ஆறாத புண், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கூசிக் கூசிக் கெட்டுப்போன கண், அதுதான் அளம். பருவம் தப்பிப் பெய்கிற மழை ஒரே ராத்திரியில் பாத்தியைக் கரைத்துவிடுகிறது. ஆகவே நிலக்கரி குறைந்து சூரிய மின்சாரம் பெருகினால் லாபம் அடைகிறவர்களில் என் சின்னம்மாவும் ஒருத்தி.

அதனாலேயே கேட்க வேண்டாம் என்கிறார்கள். நல்லதுக்குத்தானே செய்கிறோம், இதில் என்ன அனுமதி? இந்த நியாயத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். கெட்டதை எதிர்த்தால் நாலு பேர் துணைக்கு வருவார்கள். நல்லது என்று பேர் எடுத்த ஒன்றை வேண்டாம் என்கிற சேரிக்காரியை முட்டாள் என்பார்கள். அங்கேதான் கேள்வி அதிகம் தேவைப்படுகிறது. சூரிய மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டியதில்லை என்பதால், மக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்கும் அந்தச் சடங்குக்கும் வழியில்லை.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில், மின்சாரம் தனியார் கையிலா அரசு கையிலா என்ற கேள்வியை வறுமை ஒழிப்போடு சேர்த்தே எழுப்பினார். இன்று எத்தனை மெகாவாட் என்று கேட்கிறோம். யாருடைய கையில், யாருடைய பசிக்கு என்பது கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நாளை எங்கள் பக்கம் ஒரு கம்பெனி வந்தால் என்ன சொல்வாய் என்று சின்னம்மாவைக் கேட்டேன். நான் எதிர்பார்த்த போராட்ட வசனம் எதுவும் வரவில்லை.

"வரட்டுமே தம்பி. வெயில்ல நின்னு செத்தது போதும். என்ன வேல குடுப்பான், கண்ணாடி தொடைக்கவா? எத்தினி பேருக்கு? மழ மாசத்துக்கு உப்புக்காரங்களுக்குன்னு கவருமெண்டு அஞ்சாயிரம் குடுக்குது. அளம் போயிட்டா அது உண்டா இல்லியா? அத மொதல்ல எழுதிக் கேளு."