சதுக்கத்துக்குக் கரண்ட் தேவையில்லை

2025 ஏப்ரல் 28, மதியம் 12:33. ஸ்பெயினின் மின்கட்டமைப்பிலிருந்து 5 நொடிகளில் சுமார் 15 கிகாவாட் காணாமல் போனது. ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் கோடிக்கணக்கானவர்களுக்குக் கரண்ட் இல்லை. மெட்ரோ நின்றது, சிக்னல் அணைந்தது, கார்டு வேலை செய்யவில்லை, போனில் டவர் போய்விட்டது. பையில் சில்லறை வைத்திருந்தவர்தான் அன்றைக்குப் பணக்காரர்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் ஆசையாகப் பகிர்ந்தார்கள். மாட்ரிட்காரர்கள் வீட்டை விட்டு இறங்கி சதுக்கங்களிலும் பூங்காக்களிலும் உட்கார்ந்தார்கள். பேட்டரி ரேடியோ வைத்திருந்தவரைச் சுற்றி முன்பின் தெரியாதவர்கள் நின்று செய்தி கேட்டார்கள். ராத்திரி விளக்கு எரிந்ததும் பால்கனிகளில் கைதட்டல். 'மனுஷன் அடிப்படையில நல்லவன்தான்பா, போனைப் பிடுங்கினா போதும்' என்று முடிவுகட்டத் தோன்றும்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

அது இதமான வசந்தகால நாள். மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் கரண்ட் வந்துவிட்டது. அரை நாள் நல்லவராக இருக்கப் பெரிய செலவில்லை. அதே மதியம், லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தின் ஆறாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, ஆக்சிஜன் கருவியை நம்பி மூச்சுவிடுபவருக்கு, அது திருவிழா இல்லை. கலீசியாவில் ஜெனரேட்டரின் நச்சுப்புகையால் ஒரே வீட்டில் 3 பேர் இறந்தார்கள். கீழே சதுக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு, மேலே இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரியுமா? தெரிந்தால்தானே படியேறிப் போவார்கள்.

அது எப்படித் தெரியவரும் என்பதற்குச் சிகாகோவில் ஒரு பதில் கிடைக்கிறது. 1995 ஜூலையில் அங்கே அடித்த வெப்ப அலையில், வழக்கத்தைவிட 700க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் கரண்டும் இல்லை. சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் தன் 'ஹீட் வேவ்' நூலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார்: நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல். தனியாக வாழும் முதியவர்களும் வறுமையில் இருக்கும் முதியவர்களும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் நார்த் லாண்டேலில் இறப்பு விகிதம் சுமார் 10 மடங்கு. அவர் சொல்லும் காரணங்களில் முக்கியமானது தெரு. ஒரு பக்கம் திறந்த கடைகள், நடைபாதையில் ஆள் நடமாட்டம். வயதானவர்கள் தினமும் வெளியே வந்து பழகியிருந்தார்கள். இன்னொரு பக்கம் மூடிய கடைகள், காலி மனைகள், பயத்தில் சாத்திய கதவுகள். அங்கே இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள இடம்தான் இல்லாமல் போயிருந்தது.

சரி, கரண்ட் தினமும் போனால்? லெபனானில் 2021 அக்டோபரில் எரிபொருள் தீர்ந்து இரண்டு பெரிய மின்நிலையங்களும் நின்று நாடே இருண்டது. அதற்கு முன்பும் பின்பும் பெய்ரூட் மக்கள் நம்பியிருந்தது தெருவுக்குத் தெரு இருக்கும் தனியார் ஜெனரேட்டர்களைத்தான். மாதச் சந்தா கட்டி 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று வெளிச்சத்தை வாங்க வேண்டும். வசதி இருப்பவர் வீட்டில் ஏசி ஓடும், இல்லாதவர் வீட்டில் ஒரு பல்பு. அந்த நகரத்தின் மிகப் பெரிய பூங்காவான ஹோர்ஷ் பெய்ரூட், உள்நாட்டுப் போருக்குப் பிறகு பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடிக்கிடந்து, 2016இல்தான் தினமும் திறக்கப்பட்டது. இருட்டு வழக்கமாகிவிட்டால் யாரும் பால்கனியில் கைதட்டுவதில்லை. அவரவர் வயரை அவரவர் இழுத்துக்கொள்கிறார்கள். அதைச் சுயநலம் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. பொதுவில் எதுவும் மிஞ்சாத இடத்தில் வேறென்னதான் செய்வார்கள்?

அதனால் 'இருட்டில் மனிதன் நல்லவனா?' என்ற கேள்வியே கொஞ்சம் சோம்பேறித்தனமானதாகப் படுகிறது. இருட்டில் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதில் பாதி, விளக்கு எரியும் நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. பூங்காவுக்கு வேலி போடும்போது, பெஞ்சைப் பிடுங்கி கார் நிறுத்த இடம் விடும்போது, நூலகத்தை மூடும்போது, 'நமக்கென்ன, வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே' என்று இருந்துவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் கரண்ட் போகும். மேல் மாடியில் தனியாக இருக்கும் அந்தப் பாட்டியின் பெயர் நம்மில் யாருக்காவது தெரிந்திருக்குமா?