உப்புமூட்டை ஏறி வந்த துண்டு

வம்சம் என்றாலே மேலிருந்து கீழே இறங்குவது என்றுதான் நினைக்கிறோம். பாட்டனிடமிருந்து தகப்பனுக்கு, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு. உயிர்களின் டி.என்.ஏ.வும் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது. ஆனால் முன்பின் உறவில்லாத ஓர் உயிரிடமிருந்து பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும் துண்டுகளும் உண்டு. ஓர் அந்துப்பூச்சி அதற்குச் சாட்சி சொல்கிறது.

முட்டைக்கோஸ் இலையைத் தின்று, முதுகை வளைத்து நிமிர்த்தி நகரும் புழு அது. வளர்ந்தால் பழுப்பு நிற அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் டிரைக்கோபுளூசியா நி. 1980களின் தொடக்கத்தில் மால்கம் ஃப்ரேசர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்தப் பூச்சியின் செல்களை வளர்த்து, பூச்சிகளைத் தாக்கும் பாகுலோவைரஸை அவற்றில் பெருக்கினார்கள். செல்லுக்குள் புரதப் படிகங்களை உண்டாக்கி, அவற்றுக்குள் தன்னைப் பொதிந்துவைப்பது அந்த வைரஸின் வழக்கம். சில வைரஸ்கள் மட்டும் மிகக் குறைவான படிகங்களையே உண்டாக்கின. பழுதான சரக்கு என்று கொட்டியிருக்கலாம். அவர்கள் கொட்டவில்லை, பிரித்துப் பார்த்தார்கள். வைரஸின் மரபணுவுக்கு நடுவே அந்துப்பூச்சியின் டி.என்.ஏ. துண்டு ஒன்று செருகியிருந்தது. பூச்சியைக் கொல்ல வந்த வைரஸின் முதுகிலேயே அது உப்புமூட்டை ஏறிவிட்டது!

பிக்கிபேக் என்று பெயர் பெற்ற அந்தத் துண்டின் நீளம் ஏறக்குறைய 2,500 எழுத்துகள். தன்னை வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டும் நொதியைச் செய்வதற்கான மரபணுவும் அதற்குள்ளேயே இருக்கிறது. டி-டி-ஏ-ஏ என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் இடத்தில்தான் நுழையும். இப்படித் தாவும் துண்டுகளில் பலவும் வெளியேறும்போது ஏதாவது ஒரு வடுவை விட்டுப்போகும். இதுவோ, இருந்த சுவடே தெரியாமல் கிளம்பிவிடும். இவ்வளவு சுத்தமான வேலையை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. அந்தச் சுத்தத்தை நம்பித்தான் ஆய்வாளர்களும் அதைக் கருவியாக எடுத்துக்கொண்டார்கள். 2000இல் பட்டுப்புழுவுக்குள் புதிய மரபணுவைக் கொண்டு சேர்த்தது இதுவே.

அதே ஆண்டில் இன்னொரு செய்தி வந்தது. நம் மாந்தோப்புகளிலும் பழங்களைத் துளைத்து முட்டையிடும் பழ ஈயின் டி.என்.ஏ.வில் இதே துண்டு, நூற்றுக்குச் சுமார் 95 எழுத்துகள் ஒத்துப்போகும்படி இருந்தது. ஈயும் அந்துப்பூச்சியும் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அத்தனை காலம் தனித்தனியே இறங்கி வந்திருந்தால் எழுத்துகள் எவ்வளவோ மாறிப்போயிருக்கும். ஆகவே பிரிந்து வெகுகாலம் கழித்து, ஏதோ ஒரு வழியில் அது இனம் விட்டு இனம் தாவியிருக்க வேண்டும். வைரஸ்கள் சுமந்து சென்றிருக்கலாம் என்ற ஊகத்துக்கு ஆய்வகத்தில் கண்ட காட்சியே வலுச் சேர்க்கிறது.

இப்படித் தாவித் திரியும் துண்டுகளை ஒட்டுண்ணி என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பு. அவை கெடுதல் செய்வது உண்மைதான். நல்ல மரபணுவுக்கு நடுவே புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் சில துண்டுகள் தாவுவதை விட்டு, குடியேறிய உடலிலேயே தங்கிப்போயின. மனித டி.என்.ஏ.வில் பிக்கிபேக் குடும்பத்திலிருந்து வந்த மரபணுக்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் மூளையில் இயங்குகிறது.