பசுவும் பிறைமதியும்

பசுவைக் காமதேனுவின் வடிவாகவும், பிறைமதியைச் சிவபெருமானின் திருமுடிக்கு அணியாகவும் போற்றுவது சைவ மக்களின் மரபு. ஆதலால் பசுவின் சினைக்கும் சந்திரனுக்கும் தொடர்பு உண்டெனக் கிராமத்து மக்கள் எண்ணுவதில் வியப்பில்லை. வளர்பிறையில் சினைப்படுத்தினால் தங்கும், தேய்பிறையில் தங்காது என்று கூறும் பெரியோர் உளர். இந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதும், மாடு வளர்ப்போரின் கடமையை அது எங்கே தொடுகிறது என்பதும் சிந்திக்கத்தக்கவை.

ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமி வர ஏறத்தாழ 29½ நாட்கள் ஆகும். பசுவோ சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகின்றது. போயா தினத்தன்று பருவத்துக்கு வந்த பசு சினைப்படாவிட்டால், அடுத்த முறை வளர்பிறைச் சஷ்டியை ஒட்டி வரும். அதற்கடுத்த முறை தேய்பிறையின் கடைசி நாட்களில் வரும். இரு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

எனினும் சந்திரனுக்குப் பங்கே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இயலாது. ஜப்பானில் 428 ஹோல்ஸ்டீன் பசுக்களின் ஈற்றை ஆராய்ந்து 2016 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை ஈற்றுகள் கூடியும் பின்னர் குறைந்தும் காணப்பட்டன. ஆனால் அது கன்று ஈனுவதைப் பற்றியது. சினை தங்குவதைப் பற்றியதன்று.

சினை தங்குவதற்கு வேண்டியவை கண்முன்னே உள்ளன. திகனவுக்கு அண்மையில் குண்டசாலையிலேயே மத்திய செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையம் இருக்கின்றது. நல்லினக் காளைகளின் விந்து அங்கே உறைநிலையில் பேணப்பட்டு நாடெங்கும் அனுப்பப்படுகின்றது. ஆனால் பசு பருவத்தில் நிற்பது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. அடிக்கடி கத்துதல், மற்ற மாடு ஏறும்போது அசையாது நிற்றல், கண்ணாடி போன்ற சளி வடிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினைப்படுத்த வேண்டும். வளர்பிறை வரட்டும் என்று காத்திருந்தால் 21 நாட்கள் வீணாகும். பசும்புல்லும் தாதுப்பும் குறைந்த மாடு எந்தப் பிறையிலும் சினைப்படுவது கடினம்.

இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகின்றது. இரண்டு மூன்று முறை தவறியதும் 'மலட்டு மாடு' என்று பெயர் சூட்டப்பட்டு, பசு இறைச்சிக்கு விற்கப்படுகின்றது. கவனிக்கத் தவறியவர் மனிதர். பழி சுமப்பது சந்திரன். உயிரை இழப்பது பசு. ஒரு நம்பிக்கையின் விலையை நம்புகிறவரே கொடுத்தால் அது அவர் பாடு. வாயில்லாச் சீவன் அதைக் கொடுக்க நேர்ந்தால் அது பாவம்.

சிவாலயங்களில் அடியார்கள் வணங்கிச் செல்லும் சண்டிகேசுவரரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார். ஆயன் ஒருவன் பசுவை அடிப்பதைக் கண்டு மனம் பொறாத அச்சிறுவர், மேய்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். நல்ல புல்லும் நீரும் நிழலும் தேடிக் கொடுத்தார். பசுக்கள் முன்னிலும் மிகுதியாகப் பால் சுரந்தன. நாள் பார்த்ததால் அல்ல, அன்போடு பேணியதால் வந்த பெருக்கம் அது.

நல்ல நாளில் விளக்கேற்றி வழிபடுவது தவறன்று. அதற்காகப் பசுவின் வேளையைத் தவறவிடுவதே தவறு. பட்டிப் பொங்கலன்று பசுவுக்குப் பொட்டிட்டு மாலை சூட்டும் கைகள், மற்ற நாட்களில் விடியற்காலையில் கொட்டிலுக்குச் சென்று அதன் நிலையையும் பார்க்கட்டும். அதுவே மெய்யான கோபூசை.