பள்ளி வாசலில் ஒரு முக்காடு

பிரான்சில் ‘லாயிசிதே’ எனப்படும் கோட்பாடு, எல்லா மதங்களையும் சமமாகப் போற்றும் இந்திய மதச்சார்பின்மையைப் போன்றதன்று. அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிப்பதுமில்லை, எதற்கும் ஊதியமோ மானியமோ அளிப்பதுமில்லை. அரசின் குரலாக வகுப்பில் நிற்பவர் என்பதால், இந்த நடுநிலை ஆசிரியரைக் கட்டுப்படுத்துவது இயல்பே. மாணவியையும் அது கட்டுப்படுத்துமா என்பதுதான், 1989இல் கிரேய் நகரில் முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று சிறுமியர் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டபோது எழுந்த கேள்வி. முக்காடு தன்னளவில் லாயிசிதேவுக்கு முரணானதன்று என்று உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் அவ்வாண்டே கருத்துரைத்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டமோ, மதச் சார்பைப் பளிச்செனக் காட்டும் சின்னங்களையும் உடைகளையும் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தடைசெய்தது. சங்கிலியில் தொங்கும் சிறு சிலுவைக்கு இடமுண்டு, சீக்கிய மாணவனின் தலைப்பாகைக்கு இல்லை. சின்னத்தின் பருமனே சட்டத்தின் அளவுகோலாகிவிட்டதால், தலையை மறைப்பதையே சமயக் கடமையாகக் கொண்டவர்மீதுதான் சுமை கூடுதலாக விழுகிறது. 2023இல் ‘அபாயா’ எனும் தளர்ந்த நீள அங்கியும் தடைசெய்யப்பட்டபோது சிக்கல் மேலும் நுட்பமானது: ஒரே அங்கி ஒருத்திக்கு வெறும் உடையாகவும் மற்றொருத்திக்கு வழிபாடாகவும் கொள்ளப்படுமானால், வாசலில் நிற்கும் பள்ளி அலுவலர் துணியை விட்டுவிட்டு, அணிந்தவளின் மனத்தை அளக்க வேண்டியவராகிறார். 1905இல் ஜெர்மனியின் வசமிருந்ததால் அவ்வாண்டுச் சட்டத்துக்கு உட்படாத அல்சாஸ் பகுதியின் அரசுப் பள்ளிகளிலோ, இன்றும் சமய பாடம் நடத்தப்படுகிறது.