சிக்கனமும் சிறு இன்பமும்

உழைத்து ஓய்ந்த ஒருவர் தம் கையிலுள்ள பணத்தை எவ்வாறு செலவிடல் வேண்டும் என்னும் கேள்வி, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து, வீட்டுக் கணக்குப் பற்றிய கேள்வியாகவே தோன்றும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதி முடித்தால் விடை கிடைத்துவிடும் என்றும் எண்ணத் தோன்றும். ஆயின், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் கடைவாசலில் நின்று ஐஸ்கிறீம் உண்பதைக் கண்டு தமக்குள் நகைத்துக்கொள்ளும் ஊரார், அதே ஆசிரியர் மகளின் திருமண மண்டபத்துக்கு இலட்சக்கணக்கிற் செலவிட்டபோது அவரை மெச்சினார்கள் என்பதையும் நினைவிற் கொள்வோமாயின், இங்கு கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்று இருப்பது புலனாகும். எச்செலவு மதிப்புடையது, எச்செலவு வெட்கத்துக்குரியது என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

சிக்கனம் ஓர் அறம் என்று நாம் வகுப்பறைகளிற் கற்பித்து வருகிறோம். சிக்கனத்தின் சிறப்புப் பற்றிக் கட்டுரை எழுதுவியாத தமிழாசிரியர் நம்மிடையே இருத்தல் அரிது. எறும்பையும் தேனீயையும் உவமை காட்டி மாணவர் எழுதிவந்த கட்டுரைகளுக்கு நாமும் தாராளமாகப் புள்ளி வழங்கியிருக்கிறோம். (புள்ளி வழங்குவதிற் சிக்கனம் காட்டுவோர் வேறு.) சேமித்த பொருள் என்றைக்கு, எதன்பொருட்டுச் செலவாதல் வேண்டும் என்று அக்கட்டுரைகளுள் ஒன்றேனும் வினவியதாக நினைவில்லை. வள்ளுவர் வினவினார். ஈட்டிய பொருளைத் தானும் துய்க்காது பிறர்க்கும் ஈயாது வைத்திருப்பவனைக் கருதி, 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார். துய்த்தலையும் ஈதலையும் அவர் ஒன்றுக்கொன்று பகையாக வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நம் வகுப்பறைகள் ஈதலை எடுத்துக்கொண்டு துய்த்தலைக் கைவிட்டன.

இதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவின் புகையிரதத் துறையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பெற்றுச் சென்றனர். பின்னர் அவர்களுட் பலர் 'மலாயன் பென்சனியர்' என்ற பெயருடன் ஊர் திரும்பினர். அவர்கள் கொணர்ந்த பணம் கல்வீடாயிற்று, காணியாயிற்று, சீதனமாயிற்று, கோயில் திருப்பணியாயிற்று. போரில் அழியாது எஞ்சிய அவ்வீடுகள் சிலவற்றின் விறாந்தைகளை இன்றும் காணலாம். அவ்விறாந்தையிற் சாய்மனைக் கதிரை போட்டு அமர்ந்திருந்த மனிதர், முப்பது ஆண்டுக் கடலோர வெக்கையின் பின் எதனை விரும்பினார், எதனைச் சுவைத்தார் என்பது ஊரின் நினைவில் இல்லை. நினைவில் நிற்பன வீட்டின் அறைக் கணக்கும் சீதனக் கணக்குமே. காணியும் உத்தியோகமுமே ஒரு குடும்பத்தின் நிலையைத் தீர்மானித்த சமுதாயத்தில், பிறர் கண்ணிற் படும் செலவே செலவாக எண்ணப்பட்டதில் வியப்பில்லை.

எம்முடன் கற்பித்த ஓர் ஆசிரியையின் கதையை இவ்விடத்துக் கூறுதல் பொருந்தும். கட்டாய ஓய்வுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கையில், தமது ஐம்பத்தைந்தாவது வயதில், அவர் தாமாகவே விலகிக்கொண்டார். முழங்கால் நோ ஒரு காரணம். நடக்கக்கூடிய காலத்திலேயே நடந்துவிட வேண்டும் என்ற ஆசை மற்றொன்று. பணிக்கொடை கைக்கு வந்த கிழமையே உறவினர் ஆலோசனைகளுடன் வந்தனர். மேல்மாடி எழுப்புமாறு ஒருவர் சொன்னார்; காணி வாங்குமாறு இன்னொருவர் சொன்னார். அவரோ ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு கீறி, இடப்புறத்தில் 'நான் கேட்டது' என்றும் வலப்புறத்தில் 'ஊர் கேட்டது' என்றும் தலைப்பிட்டார். ஒவ்வொரு செலவையும் இரண்டில் ஒன்றில் எழுதினார். அரிசியும் மருந்தும் மின்கட்டணமும் அவருடைய கணக்கில் இரண்டிலும் சேரவில்லை. அவை பின்பக்கத்தில் இருந்தன.

முதல் மாத முடிவில் அக்கொப்பியை எமக்குக் காட்டினார். வலப்புறத்திற் சாமத்தியவீட்டு அன்பளிப்பு, இரண்டு கலியாண வீட்டு 'என்வலப்', சென்ற ஆண்டுச் சேலையோடு தேருக்குப் போகலாகாது என்பதற்காக வாங்கிய புதுச் சேலை, வந்த விருந்தினருக்காக மாற்றிய யன்னற் சீலைகள். இடப்புறத்தில் மூன்றே மூன்று பதிவுகள்: வெள்ளிக்கிழமை பட்டணத்திற் குடித்த பிளேன்ரீயும் வடையும், ஒரு பை கச்சான், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நாவல். மூன்றையும் கூட்டினால் ஓர் என்வலப்பின் தொகைக்குக் காணாது. "இருபத்தெட்டு வருசம் உழைச்சு, எனக்கெண்டு நான் செலவழிச்சது இவ்வளவுதானோ தம்பி?" என்று கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

இதன்பின் அவர் ஊதாரியாகிவிடவில்லை. வலப்புறத்திற் கத்தி வைத்தார்; மாதச் செலவு மொத்தத்திற் குறைந்தது. சேலை இரண்டாம் ஆண்டும் தேருக்குப் போயிற்று. இரண்டாம் மாதத்தில் வேறொன்றும் செய்து பார்த்தார். கிழமைக்கு ஒருமுறை என்றிருந்த பிளேன்ரீயையும் வடையையும் நாள்தோறும் என்று ஆக்கினார். ஒன்பதாம் நாட் பதிவுக்குப் பக்கத்தில், 'ருசி தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். பத்தாம் நாள் நிறுத்திவிட்டார். எவரும் உபதேசிக்காமலே நிகழ்ந்த அந்நிறுத்தம், துறவிகளின் நிறுத்தத்தினின்றும் வேறுபட்டது. துறவி இன்பத்துக்கு அஞ்சி நிறுத்துகிறார். இவர் இன்பத்தைக் காப்பதற்காக நிறுத்தினார்.

இதே தெளிவைப் பழைய கிரேக்கத்து எப்பிக்கூரஸிடம் காண்கிறோம். கி.மு. 306ஆம் ஆண்டளவில் ஏதென்சில் அவர் அமைத்த தோட்டத்திற் பெண்களும் அடிமைகளும் அமர்ந்து தத்துவம் பேசினர். பெருந்தீனிக்காரர் என்று அவரைப் பின்வந்தோர் தூற்றியபோதும், அவர் உண்டது பெரும்பாலும் அப்பமும் தண்ணீருமே. தாம் வேண்டும்போது விருந்துண்ணுதற்கு ஒரு சிறு பானைப் பாற்கட்டி அனுப்புமாறு நண்பருக்கு அவர் எழுதியதாக டயோஜெனிஸ் லேயர்ட்டியஸ் பதிந்திருக்கிறார். ஒரு பானைப் பாற்கட்டி விருந்தாவதற்கு, மற்றைய நாட்கள் எளிமையாக இருத்தல் வேண்டும்; அந்த ஒரு நாளில் நாவும் மனமும் விழித்திருத்தல் வேண்டும். இளைஞர் மார்க்ஸ் 1841இல் யேனாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வு டெமோக்கிரிட்டசையும் எப்பிக்கூரஸையும் பற்றியது என்பதை நம் மாணவர் சிலரே அறிவர். மூன்று ஆண்டுகளின் பின், 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில், முதலாளித்துவப் பொருளியல் உண்மையிற் போதிப்பது தன்மறுப்பையே என்று அவர் சாடினார். உழைப்பவன் தன் உணவையும் நூலையும் நாடகத்தையும் துறக்கத் துறக்க, அவன் வாழ்வு சுருங்க, முதல் பெருகும் என்பதே அவர் காட்டிய முரண். சிக்கனத்தை எவர் எவருக்குப் போதிக்கிறார் என்று கேளாமல் அதனை அறமென்று கொள்ளுதல் கூடாது என்பதற்கு இதனைவிட வலிய நியாயம் வேண்டியதில்லை.

எனினும் எப்பிக்கூரஸின் தோட்டத்துக்கு ஒரு மதில் இருந்தது. அரசியலினின்றும் ஒதுங்கி மறைந்து வாழ்தலையே அவர் விரும்பினார். இன்று அமெரிக்காவிற் பரவியுள்ள முன்கூட்டிய ஓய்வுக் கொள்கைக்கும் அத்தகைய மதில் உண்டு. சம்பளத்திற் பாதியை அல்லது அதற்கும் மேலாக மிச்சம் பிடித்து, ஆண்டுச் செலவைப்போல் இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால், ஆண்டுதோறும் அதில் 4 வீதத்தை எடுத்துக்கொண்டு நாற்பது வயதிலேயே வேலையைத் துறக்கலாம் என்பது அக்கொள்கை. டெக்சாஸ் மாநிலத்து டிரினிற்றிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவர் 1998இற் பழைய சந்தைத் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. நாள்தோறும் கடையிற் குடிக்கும் கோப்பியைத் துறந்து, அப்பணத்தைப் பங்குகளில் இடுமாறு அங்குள்ள நிதி ஆலோசகர்கள் இளைஞருக்கு உபதேசிக்கின்றனர். கோப்பிக்கு எதிரான இச்சிலுவைப் போரில் நகைப்புக்கிடமான ஒன்று உண்டு: வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் கல்விக் கடனும் ஏறியவண்ணம் இருக்க, வறுமைக்குக் காரணம் கோப்பிக் கோப்பையிலே தேடப்படுகிறது. அன்றியும், ஒருவர் நாற்பதில் ஓய்ந்து பங்குலாபத்தில் வாழ்வதெனில், அந்த இலாபத்தை வேறு எவரோ உழைத்துத் தருதல் வேண்டும். அவர் நாற்பதில் ஓயமாட்டார்.

ஆயினும் அவர்களைப் பழித்துவிட்டு நாம் தூயவராகிவிட முடியாது. இந்நாட்டுத் தனியார் துறை ஊழியரின் முதுமைக்கு ஆதாரமாய் நிற்கும் ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் அதிற் சேர்கின்றன. அந்நிதியின் பெரும்பகுதி அரசின் கடன்முறிகளில் இடப்பட்டுள்ளது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாகவும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகவும் உயர்ந்தபோது, முப்பது ஆண்டு மிச்சம் பிடித்தவரின் மிச்சம் கண்முன்னே கரைந்தது. அடுத்த ஆண்டு, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், அந்நிதி வைத்திருந்த முறிகள் நீண்ட முதிர்வுக் காலமும் பின்னாண்டுகளில் 9 வீத வட்டியும் கொண்ட முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகள் தொடப்படவில்லை. இளமையில் வடையைத் துறந்து முதுமைக்கு வைப்பிலிட்ட தொழிலாளியிடம், நாட்டின் பொருட்டு இன்னுஞ் சற்றுத் துறக்குமாறு கேட்கப்பட்டது. தன்மறுப்பு ஓர் அறமெனின், அது ஏன் எப்பொழுதும் ஒரே திசையிலிருந்து கேட்கப்படுகிறது?

இனி, நம் வாசகருள் ஒருவர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. மலைநாட்டிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021இல் 1,000 ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாயிற்று. அவள் ஐம்பது வயதிற் சேமலாப நிதியைப் பெறலாம். பெற்ற பணம் கடனுக்கும் பிள்ளையின் கலியாணத்துக்கும் போய்விட, மீண்டும் நாட்கூலியாக மலையேறுவோர் உளர். உயர்ந்த தேயிலை கப்பலேற, அவள் வீட்டிற் கொதிப்பது தூள். அவ்வாறிருக்க, ஓய்வூதியம் பெறும் நடுத்தர வர்க்கத்தார் தம் வெள்ளிக்கிழமைத் தேநீரைப் பற்றித் தத்துவம் பேசுதல் தகுமா?

இவ்வாட்சேபத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பல இரவுகள் இது எம்மை உறுத்தியதுண்டு. ஆனால், நாம் தேநீரைக் கவிழ்த்துவிடுவதால் அவள் கோப்பை நிறையப்போவதில்லை. அதுமட்டுமன்று, சிறு இன்பம் நடுத்தர வர்க்கத்துக்குரியது, உழைப்பாளிக்குச் சோறு போதும் என்ற எண்ணம் அந்த ஆட்சேபத்துள் ஒளிந்திருக்கிறது. எட்டு மணிநேர வேலைநாளுக்காக 1886இற் சிக்காகோவில் இரத்தஞ் சிந்தியவர்கள் உறங்குவதற்கு மட்டும் நேரங் கேட்கவில்லை. உழைப்புக்கும் உறக்கத்துக்கும் அப்பால், தம் விருப்பப்படி கழிப்பதற்கென்றும் எட்டு மணிநேரம் கேட்டனர். லயத்து வாசலில் மாலையில் அமர்ந்து நல்ல தேயிலையைச் சுவைத்துக் குடித்தல் அவளுடைய சம்பளக் கோரிக்கையின் ஒரு பகுதியே. அதனை ஆடம்பரமென்று கூறும் தோழர், தோட்டத் துரையின் குரலிலேயே பேசுகிறார். ஆசிரியையின் கொப்பியில் இடப்புறம் மூன்று பதிவுகள் இருந்தன. கொழுந்து பறிப்பவளிடம் அப்படியொரு கொப்பி இருப்பின், இடப்புறம் வெறுமையாய் இருக்கும். இரு கொப்பிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்க வேண்டுமாயின், முதலாவதை எரித்துவிடல் ஆகாது.

அந்த ஆசிரியையை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். 2022இல் நான்கு மாதங்கள் இடப்புறம் வெறுமையாகவே கிடக்கிறது. பேருந்தும் இல்லை, வடைக்கு மாவும் இல்லை. பின்னர் வெள்ளிக்கிழமைகள் மீண்டும் தொடங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் ஒரு பதிவு மட்டும் நடுக்கோட்டின் மேலேயே எழுதப்பட்டிருந்தது: 'பிளேன்ரீ இரண்டு'. தேநீர்க் கடைக்கு எதிரே கச்சான் விற்கும் பெண்ணுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, இருவருமாக வாங்கில் அமர்ந்து குடித்தார்களாம். அது தாம் கேட்டதா, ஊர் கேட்டதா என்று தமக்கு விளங்கவில்லை என்றும், தமிழ் படித்தவர்கள் நாம் ஒரு தலைப்புச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். இன்னும் சொல்லவில்லை.